பெட்டிக்குள் இருக்கும் ஒன்பது கஜம்: கடல் கடந்த காவிரிக்கரைக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

முசிறியிலிருந்தும் மணமேட்டிலிருந்தும் தாத்தையங்கார்பேட்டையிலிருந்தும், உறையூர், திருவரங்கம் வீதிகளிலிருந்தும் புறப்பட்டு, சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், இலண்டன், டொராண்டோ, நியூஜெர்சி என்று பல இடங்களில் வேரூன்றிவிட்ட குடும்பத்தாருக்கு,

உங்கள் வீட்டு அலமாரியில் பாட்டியோ பூட்டியோ உடுத்திய புடவை ஒன்றேனும் இருக்கும் என்ற நம்பிக்கையிலும், அதைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் உங்கள் குடும்பத்தில் ஒருவரேனும் இன்னும் இருக்கிறார் என்ற நம்பிக்கையிலும் இம்மடல் எழுதப்படுகிறது. துணியை ஓரளவு பேணினால் அது நூறாண்டு நிற்கும். அதை எப்படி உடுத்துவது, எந்த ஊர்த் தறியில் நெய்தது, யாருடைய கல்யாணத்துக்கு எடுத்தது என்னும் செய்திகளோ எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டுமே நிற்கின்றன. அந்த நினைவு போனபின் உங்களிடம் எஞ்சுவது விலை மதிப்புள்ள பழந்துணி ஒன்றுதான் என்பதை உங்களுக்கு நேரே சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அந்தப் பழந்துணிக்கு இப்பொழுது நேர்வது என்ன என்பது நீங்கள் அறியாததன்று. பெற்றோர் மறைந்தபின் ஊர் வீட்டைக் காலி செய்ய ஒரு வார விடுப்பில் வருகிறீர்கள். நிலப் பத்திரங்களுக்கும் வங்கிக் கணக்குகளுக்கும் அந்த வாரம் போதாமல் போகிறது. பழைய பட்டுப்புடவை வாங்குவோர் தெருவில் வரும்போது மூட்டையாக எடைபோட்டுக் கொடுத்துவிடுகிறீர்கள். அவர்கள் வாங்குவது புடவையை அன்று. ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன்மேல் பொன்முலாம் ஏற்றிய இழை. பழைய புடவைகளில் அந்த வெள்ளி அசல் வெள்ளியாக இருந்தமையால், அவற்றை எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் தொழில் நெடுநாளாக நடந்துவருகிறது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் ஒரு பெண்ணுக்காகச் சேர்த்துவைத்த பணத்தில் எடுத்த கல்யாணப் புடவை, சில கிராம் வெள்ளியாக முடிந்துபோகிறது. எடைக்குப் போகாமல் தப்பி உங்களுடன் விமானம் ஏறியவையும் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்ல முடியாது. ஒன்பது கஜத்தை ஆறு கஜமாக வெட்டுவது, முந்தானையை மட்டும் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது, உடலைப் பாவாடையாகவும் தலையணை உறையாகவும் தைத்துக்கொள்வது ஆகியவை அன்பின் காரணமாகவே செய்யப்படுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் வெட்டிய புடவையை மீண்டும் எவராலும் உடுத்திக்காட்ட முடியாது.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவர்களால் உடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிய இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. 1964-இல் தொடங்கப்பட்ட திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, 1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியமைத்தபின் அங்கே சென்ற முதல் தலைமுறை இளைஞர்களின் மனைவியர், பனி பெய்யும் நகரங்களில் மேலங்கிக்குக் கீழே புடவை நனைய நனைய வேலைக்கும் கடைக்கும் சென்றனர்; அவர்கள் மெல்ல மெல்ல வேறு உடைக்கு மாறியதை எவரும் குறைசொல்ல இயலாது. அன்றாட உடை மாறியது குற்றமே அன்று. அவ்வுடையைப் பற்றிய அறிவும் அதனோடு சேர்ந்து கைவிடப்பட்டதே இம்மடலின் மனக்குறை. புலம்பெயர்வு அதற்குப் போதிய காரணமாகாது என்பதற்கு, உங்கள் பாட்டியின் புடவையை நெய்தவர்களே சான்றாக இருக்கிறார்கள்.

உறையூர் முற்காலச் சோழரின் தலைநகர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி வணிகக் குறிப்பு நூல் 'அர்கரு' என்று ஓர் ஊரைக் குறித்து, அங்கிருந்து வெளிச்செல்லும் மெல்லிய பருத்தித் துணிக்கு அவ்வூரின் பெயரையே இட்டு வழங்குகிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. இத்துணை நீண்ட நெசவு வரலாறு கொண்ட ஊரில் அண்மை நூற்றாண்டுகளில் தறியில் அமர்ந்தவர்களுள் பலர் வெளியிலிருந்து வந்தவர்களின் வழியினர். விசயநகர ஆட்சியும் நாயக்கர் ஆட்சியும் தெற்கே பரவியபோது கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர்கள் காவிரிக்கரையிலும் கொங்கு நாட்டிலும் குடியேறினர். பட்டுநூல்காரர் என்று முன்பு அழைக்கப்பட்ட சௌராட்டிரர்கள், குசராத்தின் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளாகப் படிப்படியாகத் தெற்கே நகர்ந்து மதுரையை மையமாகக் கொண்டு திருச்சி உள்ளிட்ட நகரங்களிலும் அமர்ந்தனர். இவர்கள் எவரும் தாம் பிறந்த மண்ணுக்கு ஆண்டுக்கொரு முறை சென்றுவரும் வசதி பெற்றிருந்தவர்கள் அல்லர். இருந்தும், வீட்டுக்குள் தம் மொழியைப் பேசினார்கள். தேவாங்கர்கள் சௌடேசுவரியம்மனை இன்றளவும் வழிபடுகிறார்கள். வீட்டுக்கூடத்திலேயே குழி தோண்டி அமைத்த குழித்தறியில், அதாவது நெசவாளி குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிக்கும் தறியில், அடுத்த தலைமுறைக்குக் கைவேலையைக் கைமாற்றினார்கள். முசிறியை அடுத்த மணமேட்டிலும் உறையூரிலும் நெய்யப்பட்ட பருத்திச் சேலைகள், இத்தகைய கைமாற்றத்தின் வழியாகவே உங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. நானூறு ஆண்டுகளாகப் புலம்பெயர்ந்தோராகவே வாழ்ந்தவர்கள் தாங்கிக் காத்த ஒன்றை, இரண்டு தலைமுறைப் புலம்பெயர்வில் நீங்கள் கைநழுவவிட வேண்டியதில்லை.

தொலைவில் உள்ள ஒரு நாட்டின் அனுபவமும் இங்கே உங்களுக்குப் பயன்படும். டென்மார்க்குக்கும் காவிரி நாட்டுக்கும் பழந்தொடர்பு உண்டு. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர், 1845-இல் அதை ஆங்கிலேயருக்கு விற்கும்வரை, இக்கரையின் பருத்தித் துணிகளைக் கப்பலேற்றி வந்தனர். அந்நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனை ஒட்டிய அமாகர் தீவில், 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் கிறிஸ்டியான் மன்னன் காய்கறி பயிரிடுவதற்காக நெதர்லாந்து உழவர் குடும்பங்களைக் குடியேற்றினான். அக்குடும்பங்கள் தாம் கொண்டுவந்த உடைப் பாங்கைப் பல தலைமுறைகளாக விடாமல் அணிந்தன. இன்று டேனிய நாட்டுப்புற உடைகளுள் பெயர் பெற்ற ஒன்றாக எண்ணப்படும் அமாகர் உடை, இவ்வாறு வந்தேறிகளின் வீட்டிலிருந்து கிளைத்ததே ஆகும். வந்தவர்களின் உடை வந்த நாட்டின் உடைமையாகவே மாறிப்போன இந்நிகழ்ச்சி, அயல்நாட்டில் புடவை கட்டினால் அந்நியராகத் தெரிவோம் என்று அஞ்சும் உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்லத் தக்கது.

அதே டென்மார்க்கிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஏறத்தாழ 3 லட்சம் பேர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் புறப்படும்போதே ஊருடையை விட்டு நகரத்துச் சாதாரண உடைக்கு மாறியிருந்தமையால், பேரப்பிள்ளைகள் மூதாதையரின் உடையைத் தேடியபோது பல வீடுகளில் அது இல்லை. அவர்களால் அதை மறுபடியும் தைத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், தாய்நாட்டில் சிலர் உரிய காலத்தில் விழித்துக்கொண்டதுதான். பெர்ன்ஹார்ட் ஓல்சன் என்பவர் உழவர் வீடுகளிலிருந்து உடைகளையும் வீட்டுப் பொருள்களையும் திரட்டி 1885-இல் கோபன்ஹேகனில் மக்கள் வாழ்வியல் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். 1901-இல் தொடங்கப்பட்ட நாட்டுப்புற நடன வளர்ப்புச் சங்கத்தார் நடனத்தோடு உடையையும் மீட்டெடுத்தனர். இன்னொன்றும் உண்டு. அந்நாட்டுப் பெண்பிள்ளைகள் எழுத்துகளையும் எண்களையும் சிறு துணியில் குறுக்குத் தையலாகத் தைத்துப் பழகுவது வழக்கமாக இருந்தது. அப்பயிற்சியைக் கொண்டு, தாம் நெய்த விரிப்பிலும் சட்டையிலும் தம் பெயரின் முதலெழுத்துகளையும், சில வேளைகளில் ஆண்டையும் பொறித்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தபின் ஒரு கொள்ளுப்பேத்தி பெட்டியைத் திறக்கும்போது, துணியே தன் உரியவரின் பெயரைச் சொல்கிறது.

உங்கள் பெட்டியில் உள்ள புடவை அப்படிப் பேசாது. நெய்தவரின் பெயர் அதில் இல்லை. உடுத்தியவரின் பெயரும் இல்லை. கோ-ஆப்டெக்ஸ் எனப்படும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935-இல் தோன்றியது. அச்சங்கம் நெசவாளியின் பெயரும் படமும் கொண்ட சிறு அட்டையைப் புடவையோடு இணைத்து விற்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முற்பட்ட புடவைகள் அனைத்தும் பெயரற்றவை. எனினும் பார்க்கத் தெரிந்தவருக்கு அவற்றில் செய்திகள் உண்டு. கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக இருந்து, அவை சேரும் இடம் தைத்ததுபோல் இல்லாமல் பல் பல்லாகக் கோத்திருந்தால், அது கோர்வை என்னும் முறையில், மூன்று நாடாக்களை மாறிமாறி ஓட்டி நெய்தது என்று அறியலாம். நாடா என்பது ஊடை என்னும் குறுக்கு இழையைப் பாவு என்னும் நெடுக்கு இழைத்தொகுதியின் ஊடே கொண்டுசெல்லும் மரக்கருவி. பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு, ஒன்பது கஜ நீளத்தில் இருந்தால், அது மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாட்டில் நெய்யப்பட்டு முகூர்த்தத்துக்கு எடுத்த கூறைப்புடவையாக இருக்கக்கூடும். பருத்தியில் நூலின் நம்பர் எவ்வளவு என்பதும் ஒரு தடயமே: ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றனவோ அதுவே நம்பர் ஆதலால், 40 நம்பர் சேலை உழைப்புக்கும் 80, 100 நம்பர் சேலை விசேடங்களுக்கும் என்று குடும்பத்தின் வாழ்நிலையையே அதில் படித்துவிடலாம்.

துணியைவிட விரைவாக அழிவது கட்டு. பிரெஞ்சு மானிடவியலாளர் சாந்தால் பூலாஞ்சே 1990-களில் தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் ஊர் ஊராகச் சென்று, 80-க்கும் மேற்பட்ட புடவைக் கட்டுகளைப் படிப்படியாகப் படம் வரைந்து 1997-இல் நூலாக்கினார். அவருக்குக் கற்றுக்கொடுத்த பெண்மணிகள் பலர் அப்பொழுதே முதியவர்கள். காவிரிக்கரையில் மட்டுமே எத்தனை வகை இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். திருவரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பெண்கள் மடிசாரில் கச்சம் வைத்து, அதாவது கொசுவத்தின் ஒரு பகுதியைக் கால்களுக்கிடையே பின்னே கொண்டுபோய்ச் செருகி, தலைப்பை இடத்தோளில் போடுவார்கள். ஐயர் வீட்டுப் பெண்கள் அதை வலத்தோளில் போடுவார்கள். முசிறிப் பக்கத்து வயல்களில் நாற்று நட்ட பெண்களோ, மடிப்புகளைப் பின்னால் விசிறிபோல் விட்டுச் செருகும் பின்கொசுவக் கட்டில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தார்கள். தமிழ் முசுலிம் மூதாட்டிகள் வெளியே செல்கையில் வெள்ளைத் துப்பட்டியால் உடலையும் தலையையும் போர்த்தினார்கள். தைத்து வைத்த மடிசார் இப்பொழுது கடைகளில் கிடைக்கிறது. கால்சட்டைபோல் மாட்டிக்கொண்டு கல்யாண மேடையில் நிற்க அது போதும். உங்கள் பெண்கள் அதையேனும் அணிகிறார்களே என்று மகிழலாம். ஆனால் ஒன்பது கஜ நெடுந்துணி ஒன்று, ஊசியும் நூலும் இல்லாமல், ஒரு முடிச்சின் பலத்தில் உடலோடு எப்படி நிலைகொள்கிறது என்பதைத் தையற்காரர் கற்றுத்தர மாட்டார். அத்தையோ பாட்டியோ இடுப்பில் கைவைத்து இழுத்துச் செருகிக் காட்டினால்தான் அது வரும்.

இவ்விடத்தில் உங்களிடம் ஒரு குறையை வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. நீங்கள் பாதுகாத்தவற்றுள் பெரும்பாலானவை பட்டு. அதிலும் வசதி படைத்த வீடுகளின் பட்டு. நாற்று நட்டவரின் பருத்திச் சேலை கிழியும்வரை உடுத்தப்பட்டது, பின்பு தூளியாயிற்று, அதன்பின் கைப்பிடித் துணியாகிக் கரைந்துபோயிற்று. ஏழை உடை எங்கும் இப்படித்தான் மறைகிறது. டென்மார்க்கின் காட்சிக்கூடங்களிலும் மிஞ்சியிருப்பவற்றுள் திருநாள் உடைகளே மிகுதி. ஆகவே சேலையே மிஞ்சாத குடும்பத்தார் தமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று ஒதுங்கிவிடக் கூடாது. உங்கள் ஆச்சி எவ்வகைச் சேலையை, எத்தனை நாளைக்கு ஒன்றாக, யாரிடம் தவணைக்கு வாங்கி, எப்படிக் கட்டினார் என்ற செய்தி, இருக்கும் பட்டுப்புடவைகளைவிட அரிதானது. அதுபோலவே, கைம்பெண்கள்மீது சுமத்தப்பட்ட வெள்ளைச் சேலையையும் நார்மடியையும் மறைத்துவிட்டுக் கல்யாணப் புடவையை மட்டும் காட்டுவது உண்மைக்கு மாறான மரபுரிமையாகும். இளம் வயதில் கணவனை இழந்து அறுபது ஆண்டுகள் ஒரே நிறத்தில் வாழ்ந்த ஒரு பாட்டி உங்கள் குடும்பத்திலும் இருந்திருப்பார். அவர் உடுத்தியதும் உங்கள் உடை வரலாறுதான். அதைப் பேத்திகள் அறிந்திருக்க வேண்டும்.

அயலார் ஒருவரின் உடை ஒரு வழக்கமாக நிலைத்து வாழ்வதற்குத் திருவரங்கம் கோயிலிலேயே சான்று உண்டு. அரங்கன்மீது அன்பு கொண்டு தில்லியிலிருந்து பின்தொடர்ந்து வந்ததாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியார்க்கு அங்கே சன்னதி இருக்கிறது. அவர் பொருட்டு நம்பெருமாளுக்குக் கைலி சாற்றுவதும் ரொட்டி அமுது செய்விப்பதும் வழிவழியாக நடைபெறுகின்றன. அந்தக் கைலி எத்தனையோ முறை புதிதாக மாற்றப்பட்டிருக்கும். துணி மாறினும் வழக்கம் மாறாமைக்குக் காரணம், எந்த நாளில், யார், எப்படிச் சாற்ற வேண்டும் என்பது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தவறாமல் சொல்லப்பட்டு வந்ததே ஆகும்.

ஆதலின் உங்களிடம் கேட்கப்படுவது இதுதான். உங்கள் குடும்பத்தில் மிக மூத்த பெண்மணி எவரோ அவரிடம், ஊரிலிருந்தாலும் உங்களுடனேயே இருந்தாலும், இந்த மாதமே உட்கார்ந்து பேசுங்கள். அவரால் நிற்க முடிந்தால் அவர் கட்டிக்காட்டட்டும். முடியாவிட்டால் பேத்தியை நிற்கவைத்து, அமர்ந்தபடியே சொல்லிக் கட்டவைக்கட்டும். அதைத் தொடக்கம் முதல் இறுதிவரை இடைவெட்டின்றிக் கைப்பேசியில் படம்பிடியுங்கள். முன்புறமும் பின்புறமும் தனித்தனியே தெரியட்டும். அவர் சொல்லும் சொற்களை, கொசுவம், கச்சம், தலைப்பு, ஒட்டியாணக் கட்டு என்று எதுவாயினும், அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். புடவையை வாங்கிய ஊர், ஆண்டு, நிகழ்ச்சி, உடுத்தியவரின் பெயர் ஆகியவற்றை ஒரு வெள்ளைப் பருத்தித் துணிப்பட்டையில் எழுதி, துணி புண்படாத வண்ணம் உள்தலைப்பின் ஓரத்தில் இரண்டு தையலால் பிணையுங்கள். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, கஞ்சியில்லாமல் துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள்; சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த வரியிலேயே முறியும். பாச்சை உருண்டை ஜரிகையைக் கறுக்கச் செய்யும். அதற்கு மாற்றாக வசம்பையோ கிராம்பையோ சிறு துணியில் முடிந்து வைத்தால் போதும். கத்தரிக்கோலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நெய்வோர் இல்லாமல் கட்டும் முறை மட்டும் நிற்காது. உறையூரிலும் மணமேட்டிலும் தறியில் இருப்போர் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். ஒன்பது கஜப் பருத்திச் சேலைக்குக் கேட்பாரின்மையால் ஆறு கஜமே நெய்யப்படுகிறது. ஒரு குடும்பம் ஒன்று கேட்டால் எந்த நெசவாளியாலும் புதிதாகப் பாவு ஓட்ட முடியாது, ஏனெனில் அந்த நெடுக்கு இழைத்தொகுதியை ஒருமுறை தறியில் ஏற்றினால் அதிலிருந்து பல சேலைகள் நெய்தாக வேண்டும். உறவினரும் ஊராருமாகப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து, பாட்டியின் சேலையின் கரையையும் நிறத்தையும் படமெடுத்தனுப்பி, கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக முன்பணம் கொடுத்துக் கேட்டால் அது நடக்கக்கூடிய காரியம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு நீங்கள் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். இந்தச் சித்திரைக்குள் அந்தப் பத்துக் குடும்பங்களைச் சேர்த்துவிடுங்கள்.